பன்னிரண்டு எஃகுக் குண்டுகள்

என் மாமனார் நிபந்தனையின்றி எதையும் எவருக்கும் கொடுத்தவர் அல்லர். ராணுவப் பண்டகசாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றிருந்த அவரிடம் ஒரு திருப்புளியைக் கேட்டால், அது எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்பிவரும் என்ற இரண்டு வினாக்களுக்கு விடை சொன்ன பின்பே அது கைக்குக் கிட்டும். ஆதலால் தம்முடைய சிறிய காரை மகளுக்குப் பந்தயம் ஓட்டத் தந்தபோதும் அவர் நிபந்தனை விதித்ததில் எனக்கு வியப்பில்லை. முதல் நிபந்தனை, வண்டியில் எப்போதும் ஓர் இழுவைக் கயிறு இருக்க வேண்டும் என்பது. கயிற்றையும் அவரே தந்தார். பண்டகசாலை வழக்கப்படி அதன் இரு முனைகளிலும் வெள்ளை வண்ணத்தில் எண் எழுதியிருந்தார்.

இரண்டாம் நிபந்தனை, அந்தக் கயிறு இரண்டு முறை பயன்பட்ட பிறகு பிறந்தது.

"ரெண்டு தரம் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு வந்தாச்சு. காலனியே வேடிக்கை பாத்தாச்சு. மூணாவது தரம் கயிறு கட்டின வண்டி இந்த கேட்டுக்கு வந்துச்சுன்னா, சாவி என் கிட்ட. அதோட பந்தயம் பஸ்."

'பஸ்' என்றால் புனேவில் 'போதும்' என்று பொருள். அவர் அந்தச் சொல்லைச் சொன்னால் பேச்சு முடிந்தது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கோர்படி ரயில்வே குடியிருப்பில், சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் பணியாற்றிய என் கணவருக்கு ஒதுக்கப்பட்ட வீட்டில், மாமனார், நாத்தனார் உட்பட நாங்கள் நால்வர் வாழ்ந்தோம். நான் நாள்தோறும் உள்ளூர் ரயிலேறிச் சிஞ்ச்வட் சென்று, மோட்டார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அளவுச் சோதனை அறையில் வேலை பார்த்தேன். என் நாத்தனார் கேம்ப் என்னும் கண்டோன்மென்ட் பகுதியில் ஒரு வங்கியில் பணிபுரிந்தாள். திங்கள் முதல் சனி நண்பகல் வரை கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் கையொப்பங்களைச் சரிபார்ப்பவள், மாதத்தில் ஒரு ஞாயிறு தலைக்கவசம் அணிந்து, ஹடப்சரைத் தாண்டிய ஒரு வெட்டவெளியில் மண்பாதைப் பந்தயத்தில் கார் ஓட்டுவாள். அவளுக்கு வெற்றி பெறும் பேராசை அன்று இருந்ததில்லை. வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் வழுக்கும் அந்த ஒரு கணத்துக்காக மற்ற இருபத்தொன்பது நாட்களையும் பொறுத்துக்கொள்வதாக என்னிடம் ஒருமுறை சொன்னாள். சாவி போனால் அந்தக் கணமும் போகும்.

இரண்டு முறையும் முறிந்தது ஒரே உறுப்பு: அச்சு மூட்டு. முன்சக்கரங்களே வண்டியை இழுக்கவும் வேண்டும், அவையே திரும்பவும் வேண்டும் என்னும் அமைப்பில், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டு நம் கையைப் போன்றது. சக்கரத்தை ஒட்டி அதற்கு ஒரு மணிக்கட்டு தேவை. அந்த மணிக்கட்டே மூட்டு. கிண்ணம் போன்ற வெளிப்பகுதியில் ஆறு பள்ளங்கள், உள்ளே இருக்கும் உருளையில் ஆறு பள்ளங்கள், இவற்றுக்கிடையே உருளும் ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகள் இடம் பெயராதபடி ஆறு சன்னல்கள் கொண்ட வளையம் ஒன்று அவற்றைப் பிடித்திருக்கும். இத்தனையும் கரிய கிரீஸில் மூழ்கியிருக்க, மேலே மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை. பணிமனைகளில் அதை 'பூட்' என்பார்கள்.

முதல் முறை அந்த உறை கிழிந்து மண் புகுந்தது. அது விதி என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறை உறை நன்றாகவே இருந்தது. ஆனால் சன்னல் வளையம் விண்டிருந்தது. அதற்குக் காரணம் நாங்களேதான் என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன. மேடுபள்ளங்களில் வண்டியின் அடிவயிறு உரசக் கூடாது என்று, முன் சுருள்வில்களுக்கு மேல் கனத்த உலோக வில்லைகளை வைத்து வண்டியை உயர்த்தியிருந்தோம். வண்டி உயர்ந்தது, தண்டு சரிந்தது. எந்நேரமும் மடங்கியே இருந்த மணிக்கட்டை வளைவுகளில் மேலும் மடக்கி, அதன்மேல் எஞ்சினின் முழு வலுவையும் ஏற்றினால் அது வேறு என்ன செய்யும்?

ஆகவே மூன்று மாற்றங்கள் செய்வதென்று முடிவாயிற்று. முதலாவது, வில்லைகளைக் கடைந்து பாதிக் கனமாக்குவது. இரண்டாவது, சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டத்தின் இரு முனைகளிலும் வளையங்களைச் செருகி, சக்கரம் முழு எல்லைவரை திரும்பாமல் சற்று முன்னதாகவே நின்றுவிடும்படி செய்வது. மூன்றாவது, ரப்பர் உறையைக் கடையில் விற்கும் மெல்லிய பட்டியால் கட்டாமல், எங்கள் தொழிற்சாலையில் மரப்பெட்டிகளை இறுக்கும் எஃகுப் பட்டியால் கட்டுவது. இந்த மூன்றாவது யோசனை என்னுடையது. அதில் எனக்கு இன்றும் சிறிது பெருமை உண்டு.

புதிய மூட்டுக்குச் சொல்லிவைத்திருந்தோம். அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். பந்தயமோ அதற்கு முன்பே வந்தது. எனவே ஒரு ஞாயிறு காலை ஜூனா பஜாருக்குப் போய், பழைய இரும்புக் குவியல்களுக்கிடையே, எங்கோ உடைத்துப் பிரிக்கப்பட்ட காரின் தண்டுகள் இரண்டை மூட்டுகளோடு வாங்கிவந்தோம். விற்றவர், "மேடம், ஏக்தம் நயா!" என்று அவற்றைப் புத்தம்புதியவை என்றார். நாத்தனார் ஒன்றை மடக்கி உலுக்கிக் காட்டினாள். அது கிலுகிலுப்பையாக ஒலித்தது. அவர் சற்றும் கலங்காமல், "கொஞ்சம் பழகின நயா" என்று திருத்திக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் வீட்டின் பின்புறம் சிமென்டுத் தளத்தில் இரண்டு மூட்டுகளையும் பிரித்தோம். மண்ணெண்ணெயில் கழுவியபோது வெளிப்பட்ட குண்டுகளை நாத்தனார் ஒவ்வொன்றாகத் துடைத்து, முட்டை அட்டை ஒன்றை வெட்டி, ஆறு ஆறாக இரு வரிசையில் வைத்தாள். ஒவ்வொரு சன்னலின் ஓரத்திலும் நகப்பூச்சால் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளையும் இட்டாள். அவள் மிகுந்த கவனத்தோடுதான் செய்தாள். கெடுத்தவள் நான்.

தேய்ந்த குண்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பதை அளந்தாலன்றித் தெரியாது என்றும், அளப்பது என் தொழில் என்றும் சொல்லித் திங்கட்கிழமை அவற்றை எடுத்துச் சென்றேன். நெரிசல் மிக்க ரயிலில் முட்டை அட்டையைச் சமன்குலையாமல் ஏந்திச்செல்ல இயலாது. ஆகையால் பன்னிரண்டையும் ஒரு துணியில் பொதிந்து சம்புடத்தில் போட்டுக்கொண்டேன். உணவு இடைவேளையில், மேலாளரின் அனுமதியோடு, மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு குண்டையும் மூன்று திசைகளில் அளந்தேன். பின்பு எங்கள் அறையின் மாறாத வழக்கப்படி, பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்தி, தனித்தனித் தாள்பைகளில் இட்டு, ஒவ்வொன்றின் மீதும் அளவை அழகாக எழுதினேன். மாலையில் அவற்றைச் சமையலறை மேசைமீது பரப்பியபோது பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நாத்தனார் பைகளைப் பார்த்தாள். பின் என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இதுல எது எந்த சன்னல்லேர்ந்து வந்தது?"

"அளவு எல்லாம் மேலேயே எழுதியிருக்கேனே. மைக்ரான் கணக்குல."

"அளவு இருக்கு. அட்ரஸ் எங்க?"

நான் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அரே அண்ணி! ஒவ்வொரு குண்டும் அதோட பள்ளத்துலயே ஓடி ஓடி அதுக்குத் தக்கன தேஞ்சிருக்கு. அதுக்காகத்தானே ஆளுக்கு ஒரு படுக்கை போட்டு வெச்சேன்!"

என் கணவர் தேநீரோடு வந்து எட்டிப்பார்த்தார். "ஸ்கூல் பிரேயர்ல நிக்கற மாதிரி உயரப்படி நிக்க வெச்சிருக்கா. எந்தப் பிள்ளை எந்த வீடுன்னுதான் யாருக்கும் தெரியாது" என்றார்.

"நீங்க சும்மா இருங்க. ஊறுகாய் பாட்டில் திறக்க என்கிட்ட வர்ற ஆளு" என்றேன்.

முன்னறையிலிருந்து செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்த மாமனாரின் குரல் மட்டும் வந்தது: "சீட்டு கட்டாம சரக்கை எடத்தை விட்டு நகத்தக் கூடாது."

அவர் சொன்னது சரி. எங்கள் தொழிற்சாலையில் நான் அதுவரை அளந்தவை யாவும் புதியவை. புதிய குண்டுக்குச் சொந்த இடம் என்று ஒன்றில்லை. எதையும் எங்கும் வைக்கலாம். ஓடித் தேய்ந்த குண்டை நான் அதற்கு முன் கையால் தொட்டதுகூட இல்லை. ஓட்டுநரும் பழுதுபார்ப்பவரும் ஒருபோதும் செய்யாத பிழை இது. சோதனை அறையில் பழகிய, ஒழுங்கை உயிராகக் கருதும் ஒருத்தியால் மட்டுமே செய்யக்கூடியது.

நாத்தனார் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "சரி, ஞாயித்துக்கிழமை என்ன செய்யறது?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியில் 'நாம்' என்பது அடங்கியிருந்தது. அது என்னை இன்னும் குறுகச் செய்தது.

மறுநாள் ரயிலில் நின்றவாறே யோசித்துக்கொண்டு போனேன். பழைய முகவரிகளை மீட்க முடியாது. புதிய முகவரிகள் கொடுக்கலாமல்லவா? அளவுகள் என்னிடம் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய ஆறைத் தேர்ந்து ஒரே மூட்டில் இட்டால், அந்த மூட்டிலாவது ஆறு குண்டுகளும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். எது எந்தச் சன்னலில் அமரும் என்பதைச் சன்னலே சொல்லட்டும். இதைச் சொன்னதும் நாத்தனார், "அப்போ சுயம்வரம் வெச்சுடலாம் அண்ணி" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் முழுவதும் சுயம்வரம் நடந்தது. உள்ளுருளையும் வளையமும் கிண்ணத்துக்குள் அமர்ந்த பிறகு, வளையத்தைச் சாய்த்தால் ஒரு சன்னல் வெளியே தலைகாட்டும். அதில் ஒரு குண்டை வைத்துப் பெருவிரலால் அழுத்த வேண்டும். தன் பாரத்தாலேயே விழுந்தால் அது தளர்ச்சி. சுத்தியலைக் கேட்டால் இறுக்கம். விரலின் அழுத்தத்துக்கு இணங்கி, சிறு முனகலோடு உள்ளே போனால் அதுவே பொருத்தம். பொருந்தாததைப் பிடுங்கி அடுத்ததை வைக்க வேண்டும். கிரீஸ் எங்கள் முழங்கை வரை ஏறியது. நாத்தனாரின் நெற்றியில் ஒரு கறுப்புப் பொட்டு தானாகவே அமைந்தது. நான் அதைச் சொல்லவில்லை, ஏனெனில் என் நெற்றியிலும் ஒன்று இருப்பதாக அவள் சிரிப்பு சொன்னது. முதல் மூட்டில் ஆறும் அமைந்தன. இரண்டாவதில் ஐந்து அமைந்தன. மிஞ்சிய ஒரு குண்டு, மிஞ்சிய ஒரு சன்னலில் சற்றே தளர்வாகத்தான் உட்கார்ந்தது. வேறு வரன் இல்லை.

"நாளைக்குப் பாதையில எந்தப் பக்கத் திருப்பம் அதிகம்?" என்று கேட்டேன்.

"வலது. ஒரே ஒரு இடது. ஏன்?"

"உள்பக்கச் சக்கரம்தான் அதிகமா மடங்கும். நல்ல மூட்டை வலது பக்கம் போடுவோம். இந்தச் சின்ன வம்புக்காரன் இடது பக்கம் போகட்டும்."

அப்படியே செய்தோம். பொழுது சாய்வதற்குள் எஃகுப் பட்டிகளை இறுக்கி, சக்கரங்களை மாட்டி, குடியிருப்பின் முன்னே இருந்த திடலில் அவள் வண்டியை எட்டு வடிவில் மெல்லச் சுற்றினாள். நான் கண்ணாடிகளை இறக்கிவிட்டு அருகே அமர்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். மூட்டு கெடும்போது அது முதலில் பேசும். திருப்பத்தில் 'டிக், டிக்' என்று கடிகாரம்போல் ஒலிக்கும். வலப்புறம் சுற்றியபோது ஓசையே இல்லை. இடப்புறம் முழுமையாகத் திருப்பியபோது, ஒரே ஒரு முறை, மெல்லிய 'டிக்'. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வாசலில் மாமனார் செய்தித்தாளோடு அமர்ந்திருந்தார். காலையிலேயே படித்து முடித்த தாள் அது. நாங்கள் இறங்கியதும் அவர் எழுந்தார். உள்ளே போய், வேலைக்காக வண்டியிலிருந்து இறக்கியிருந்த கயிற்றைக் கொண்டுவந்து, பின்னிருக்கையின் அடியில் தம் கையாலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறன்று பந்தயத்தை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கேட்டேன் என்றே சொல்ல வேண்டும். அந்த ஒற்றை இடப்புற வளைவின் கயிற்றுத் தடுப்புக்கு அப்பால் நின்று, ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் வண்டி நெருங்கும்போது கண்களை மூடிக்கொண்டேன். ஐந்து சுற்றுகள். எஞ்சின்களின் இரைச்சலும், சரளைக்கல் தெறிக்கும் ஒலியும், ஒலிபெருக்கியில் மராத்தியும் ஆங்கிலமும் கலந்த வருணனையும் ஒன்றாகச் சேர்ந்த அந்த ஆரவாரத்தில் ஒரு 'டிக்' ஓசையைத் தேடுவது அறிவீனம் என்று தெரிந்தே தேடினேன். நான்காம் சுற்றில் என் கணவர் என் தோளைத் தட்டி, "கண்ணைத் திற. உன் வம்புக்காரன் இன்னும் உருண்டுக்கிட்டுத்தான் இருக்கான்" என்றார். திறந்தேன். வண்டி வளைவில் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியே என் நாத்தனாரின் முகம் தெரிந்தது. தலைக்கவசத்துக்குள்ளே அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் சுற்றும் முடிந்தது. கடைசியிலிருந்து நான்காவதாக வந்தாள். முதலாவதாக வந்தவரைவிட நாங்களே அதிகம் கூச்சலிட்டோம்.

எங்களுக்குப் பின்னால் வந்திருக்க வேண்டியவர்களுள் ஒருவர் வரவே இல்லை. கேம்பில் பேக்கரி நடத்தும் இளைஞர் அவர். முந்தைய இரு முறையும் எங்களைக் கயிறு கட்டி வீடுவரை இழுத்துவந்தவர். முறிந்த மூட்டோடு பாதையோரம் நின்றிருந்த அவரிடம் போய், நாத்தனார் மிகுந்த மரியாதையோடு, "பாயி சாஹப், கயிறு வேணுமா?" என்று இந்தியில் கேட்டாள்.

அவர் வெள்ளை எண் எழுதிய முனையை அடையாளம் கண்டு, தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் கயிறு என்னை விடாது போல" என்றார். பின்பு தம் கடையின் பன்கள் அடங்கிய பையை எடுத்து எங்கள் வண்டிக்குள் வைத்தார். அவர் வண்டியை எங்கள் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

ஹடப்சரிலிருந்து கேம்புக்குச் செல்லும் வழியில் எங்கள் குடியிருப்புக்குள் புகவேண்டிய தேவை சிறிதும் இல்லை. ஆனால் வண்டி சொந்தக் காலில் வீடு வந்ததை ஒருவர் பார்த்தாக வேண்டும் என்று நாத்தனார் பிடிவாதமாக இருந்தாள். பன்னைத் தின்றுகொண்டே உள்ளே திரும்பினோம். கயிற்றின் நிபந்தனை அந்தக் கணம்வரை எங்கள் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

மாமனார் வாயிலிலேயே நின்றிருந்தார். எங்கள் வண்டியில் கட்டியிருந்த கயிறுதான் முதலில் அவர் கண்ணில் பட்டது. உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"அப்பா, நல்லாப் பாருங்க. நாங்க முன்னாடி இருக்கோம்!"

அவர் கயிற்றைக் கண்ணால் பின்தொடர்ந்தார். பின்னால் நின்ற வண்டியிலிருந்து பேக்கரிக்காரர் பணிவாக வணக்கம் சொன்னார். அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, மாமனார் குனிந்து முடிச்சை ஆராய்ந்தார்.

"இது யார் போட்ட முடிச்சு? ரெண்டு குலுக்கல்ல அவுந்துடும்." அவிழ்த்து, தாமே மறுபடி கட்டினார். நிமிர்ந்தபோது கை மீண்டும் நீண்டது.

"கயிறு கேட்டுக்கு வந்தா சாவி என் கிட்டன்னு சொன்னேன். எந்த முனைன்னு சொல்லலை."

நாத்தனாரின் முகம் வாடிவிட்டது. இறங்கிச் சாவியை அவர் கையில் வைத்தாள். அவரோ சாவியை வாங்கியதும் வீட்டுக்குள் போகவில்லை. செருப்பைச் சரிசெய்துகொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்து, நான்கு கண்ணாடிகளையும் இறக்கச் சொன்னார்.

"எங்கப்பா போறீங்க?"

"அந்தப் பையனை கேம்ப்ல விட வேண்டாமா? பாதியில விட்டுட்டு வந்தா நல்லாவா இருக்கும்?"

வண்டி நகர்ந்தது. எங்கள் வாயிலிலிருந்து சாலைக்கு இறங்குவது கூரிய இடப்புறத் திருப்பம். அவர் ஸ்டீயரிங் வளையத்தை எல்லைவரை திருப்பினார். இறங்கி நின்ற நாங்கள் மூவரும் இடப்பக்கச் சக்கரத்தையே பார்த்தோம்.

'டிக்.'

வண்டி நின்றது. சன்னல் வழியே நரைத்த தலை வெளியே வந்தது.

"கேட்டுதா? இடது பக்கம். நேத்து சாயங்காலமே கேட்டுது, சொல்ல வேண்டாம்னு இருந்தேன். புது மூட்டு வந்ததும் சனிக்கிழமை இதைப் பிரிச்சுடணும். நானும் உக்காருவேன்." பின்பு என்னைப் பார்த்தார். "குண்டுங்களுக்குச் சீட்டு நான் எழுதறேன்மா. நீ அளந்தாப் போதும்."

தலை உள்ளே போனது. கயிறு விறைத்தது. இரண்டு வண்டிகளும் கேம்பை நோக்கிச் சென்றன. முதலாவதை அவர் நாத்தனாரை விடவும் வேகமாக ஓட்டினார். நாத்தனார் பாதிப் பன்னைக் கையில் பிடித்தபடி சாலைக்கு ஓடிவந்து, "மெதுவா அப்பா! இடது பக்கம் திரும்பாதீங்க!" என்று கத்தினாள்.